பழைய போர் விமானம் வாங்கி ஓட்ட முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். இன்னும் ஐந்து பேரோடு பங்கு போட்டு ஒரு யாக்-52 வைத்திருக்கிறேன். சோவியத் நாட்டில் வடிவமைத்து, ருமேனியாவின் பக்காவு நகரில் கட்டிய ராணுவப் பயிற்சி விமானம் அது. ஊருக்குப் போனாலும் சரி, இங்கே யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சரி, விஷயம் தெரிந்ததும் கேள்விகள் வரும். பெரும்பாலும் ஒரே கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது. பிரிட்டனைப் பற்றியும் கொஞ்சம் அமெரிக்காவைப் பற்றியும் பேசுகிறேன், ஏனென்றால் இந்தப் பழக்கம் வேர்விட்டிருப்பது அங்கேதான்.

தனி ஆள் போர் விமானம் வைத்துக்கொள்ளச் சட்டம் விடுமா?

விடும். துப்பாக்கி, குண்டு எதுவும் இயங்கக் கூடாது, அவ்வளவுதான். மற்றபடி சொத்து என்ற வகையில் வீடு, கார் போல அதுவும் ஒன்று.

பறக்க வைப்பதற்குத்தான் தனி ஏற்பாடு. பயணிகள் விமானத்துக்குத் தரும் முழுத் தகுதிச் சான்றிதழ் இவற்றில் பலவற்றுக்குக் கிடைக்காது. அதற்குப் பதிலாகப் பிரிட்டனில் 'பெர்மிட் டு ஃப்ளை' என்ற அனுமதி தருகிறார்கள். அமெரிக்காவில் மஸ்டாங் என்ற சண்டை விமானம் போன்ற சில வகைகள் 'லிமிட்டெட்' பிரிவில் வரும், பல 'எக்ஸ்பெரிமென்டல் எக்ஸிபிஷன்' பிரிவில் வரும். நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், பொதுவாகப் பகல் வெளிச்சத்தில், வானிலை நன்றாக இருக்கும்போது பறக்கலாம். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டுப்பாடு. பிரிட்டனில் முன்னாள் ராணுவ விமானங்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு கேப் 632 என்று ஒரு கையேடு இருக்கிறது. வாங்குகிற யோசனை வந்தவுடனே அதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் வறட்சியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பத்திக்குப் பின்னாலும் ஏதோ ஒரு விபத்து இருக்கிறது.

போர் விமானம் என்றால் ஸ்பிட்ஃபயர் மாதிரியா?

இந்த வட்டாரத்தில் 'வார்பேர்ட்' என்று சொல்வார்கள். ராணுவச் சேவையில் இருந்த எதையும் அந்தப் பெயரால் அழைப்பார்கள். சண்டை விமானங்கள் அதில் ஒரு சிறு பங்கு. பெரும்பாலானவை பயிற்சி விமானங்கள்: டைகர் மாத், சிப்மங்க், ஹார்வர்ட், யாக்-52, சீனத்து நான்சாங் சிஜே-6. காரணம் சுலபம். பயிற்சி விமானத்தை மாணவனின் கைக்குத் தாக்குப்பிடிக்கும்படி கட்டுவார்கள், ஆயிரக்கணக்கில் கட்டுவார்கள், எளிதில் பழுதுபார்க்கும்படியும் கட்டுவார்கள். இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரையோ, சில நூறு மணி நேரம் தாங்கினால் போதும், அதற்குள் போர் முடிந்துவிடும் அல்லது விமானம் போய்விடும் என்ற கணக்கில் கட்டினார்கள். 20,000-க்கு மேல் கட்டிய அந்த விமானத்தில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை சில பத்துகள்தான்.

விலை?

பறக்கும் ஸ்பிட்ஃபயர் சில மில்லியன் பவுண்ட். பி-51 மஸ்டாங் இரண்டு மில்லியன் டாலருக்கு மேல். போர் முடிந்த கையோடு அதே மஸ்டாங்கை உபரிச் சரக்காகச் சில ஆயிரம் டாலருக்கு விற்றுத் தள்ளினார்கள். ஹார்வர்ட் இரண்டு மூன்று லட்சம் டாலர். நல்ல யாக்-52 ஒரு பெரிய சொகுசுக் காரின் விலை. சிப்மங்க் அதைச் சுற்றித்தான். பங்கு போட்டால் இன்னும் இறங்கும்.

வாங்குகிற விலையைப் பற்றி மட்டும் யோசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விலை ஒரே ஒரு தடவை கொடுப்பது. மீதி வருடா வருடம் வரும்.

அப்படியானால் ஓட்டும் செலவு?

எங்கள் யாக்கில் 360 குதிரைத்திறன் கொண்ட எம்-14பி என்ஜின், ஒன்பது சிலிண்டர். பெட்ரோல் மணிக்குச் சுமார் 60 லிட்டர் குடிக்கும். இரண்டு டேங்கும் சேர்ந்தே 122 லிட்டர்தான். இங்கே விமானப் பெட்ரோல் லிட்டர் இரண்டு பவுண்டுக்கு மேல். ஹார்வர்டின் 600 குதிரைத்திறன் வாஸ்ப் என்ஜின் மணிக்கு 115 லிட்டர் அளவில் போகும். ஸ்பிட்ஃபயரின் 27 லிட்டர் கொள்ளளவு மெர்லின் என்ஜின் சாதாரண வேகத்திலேயே 200 லிட்டரைத் தொடும்.

ஆனால் பெட்ரோல் பெரிய செலவே இல்லை. ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், வருடாந்திரச் சோதனை ஆகிய மூன்றும் விமானம் ஒரு நிமிடம் பறக்காவிட்டாலும் வரும். அப்புறம் என்ஜின் ஓவர்ஹால். மெர்லினைப் பிரித்துக் கட்ட லட்சக்கணக்கில் ஆகும், அதைச் செய்யத் தெரிந்த பட்டறைகளை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணலாம். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் பறக்கும்போதே ஓவர்ஹாலுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதுதான் நல்ல குழுவின் அடையாளம். பங்கு வாங்கப் போகும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது 'என்ஜின் நிதியில் எவ்வளவு இருக்கிறது?' என்பதுதான். பதில் சொல்லத் தயங்கினால் கைகொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

எந்த விமானத்தை வாங்கலாம்?

முதலில் ஆளைத் தேடுங்கள். விமானம் அப்புறம்.

எங்கே வசிக்கிறீர்களோ, அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எந்த என்ஜினைத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்று பாருங்கள். அவருக்கு ஜிப்ஸி மேஜர் தெரியும் என்றால் சிப்மங்கோ டைகர் மாத்தோ வாங்குங்கள். ரஷ்ய என்ஜின் தெரிந்தவர் என்றால் யாக். மனதுக்குப் பிடித்த விமானத்தை வாங்கிவிட்டு ஆள் தேடினவர்கள் இரண்டு வருடம் ஹேங்கரில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பறக்காத என்ஜின் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

எங்கள் மெக்கானிக்குக் கவுலிங்கை, அதாவது என்ஜின் மூடியைக் கழற்றும் முன்பே எந்த சிலிண்டர் சரியில்லை என்று தெரிந்துவிடும். என்ஜின் நின்ற கையோடு எக்ஸாஸ்ட் குழாய்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோவார், தொடமாட்டார். எது மற்றதைவிடச் சூடு குறைவோ அங்கே போய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். இப்படி ஒருவர் அருகில் இருந்தால் உங்கள் விமானம் எந்த வகை என்பதே இரண்டாம்பட்சம்.

என்ன லைசென்ஸ் வேண்டும்?

சாதாரணத் தனியார் பைலட் லைசென்ஸ் அடிப்படை. ஐரோப்பாவில் குறைந்தது 45 மணி நேரப் பயிற்சி, நடைமுறையில் கூடவே ஆகும். அதன் மேல் வால்சக்கர விமானப் பயிற்சி, உள்ளிழுக்கும் சக்கரம், கோணம் மாற்றும் ப்ரொப்பெல்லர் ஆகியவற்றுக்கான பயிற்சிகள். அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் பிரிவில் வரும் ஜெட்டுகளுக்கும், 800 குதிரைத்திறனுக்கு மேல் அதிவேகத்தில் போகும் பிஸ்டன் விமானங்களுக்கும் தனி அங்கீகாரம் தேவை.

வால்சக்கரம் ஏன் அவ்வளவு முக்கியம்? இன்றைய விமானங்களில் மூன்றாவது சக்கரம் மூக்குக்குக் கீழே, எடை முக்கியச் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும், நேராக ஓடத் தானாகவே முயலும். வால்சக்கர விமானத்தில் எடை முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் திரும்பினாலும் வால் முன்னே வரப் பார்க்கும், கவனிக்காவிட்டால் தரையிலேயே ஒரு சுற்றுச் சுற்றி இறக்கையை உரசிவிடும். ஹார்வர்ட் இதற்குப் பேர்போனது. அந்தக் காலத்தில் டைகர் மாத்தில் தொடங்கி, ஹார்வர்டில் தேறி, பிறகுதான் ஸ்பிட்ஃபயருக்கு அனுப்பினார்கள். இன்றும் அதே ஏணியில் ஏறுவதுதான் நல்லது.

பறக்கும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுகிறீர்களே, ஸ்டார்ட் செய்வதற்கா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இது என்ஜினைக் காப்பாற்றுவதற்கு.

எங்கள் என்ஜினில் ஒன்பது சிலிண்டர்களும் பூவிதழ் போல வட்டமாக நிற்கும். அதனால் சில சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. விமானம் ஓரிரு நாள் நின்றால் உள்ளே இருக்கும் எண்ணெய் மெல்ல வழிந்து அந்தக் கீழ் சிலிண்டர்களில் தேங்கும். காற்றை அழுத்தினால் சுருங்கும், எண்ணெய் சுருங்காது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அந்த எண்ணெயில் போய் மோதும், கனெக்டிங் ராட் வளையும். அன்றைக்கே உடைந்தால் அதிர்ஷ்டம். வளைந்த ராட் பத்து மணி நேரம் ஓடிவிட்டு நடுவானத்தில் உடையலாம்.

ஆகவே ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்து உறுதி சொன்ன பிறகு, அப்போதும் அது அணையவில்லை என்றே எண்ணிக்கொண்டு, ப்ரொப்பெல்லரைச் சுற்றும் திசையிலேயே தள்ளுவோம். எங்கள் குழுவில் பன்னிரண்டு பிளேடு என்று கணக்கு. வாய்விட்டு எண்ணுவோம். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்துக்கு வரும்போது கையில் மெத்தென்று ஒரு எதிர்ப்பு தெரியும், பிறகு விட்டுக்கொடுக்கும். சில நேரம் சுவரில் முட்டியது போல நின்றுவிடும். அங்கே பலம் காட்டவே கூடாது. பின்பக்கமாகச் சுற்றியும் விடுவிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் எண்ணெய் காற்று உள்ளே வரும் குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும், ஸ்டார்ட் செய்ததும் திரும்பி சிலிண்டருக்குள் வரும். கீழ் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அடியில் டப்பா வைத்து, வடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் டம்ளர் அளவுக்கு வடிந்தது. கறுத்த, கெட்டியான எண்ணெய். அந்தக் கால் டம்ளர் போதும் ஒரு என்ஜினைக் கொல்ல.

பிறகுதான் ஸ்டார்ட். யாக்குக்கு அதைச் செய்வது அழுத்திய காற்று. பித்தானை அமுக்கினால் பாட்டிலிலிருந்து காற்று நேராக சிலிண்டருக்குள் பாயும். உஸ்ஸென்று ஒரு சத்தம், ப்ரொப்பெல்லர் உதறிக்கொண்டு திரும்பும், ஒன்று இரண்டு சிலிண்டர் பற்றும், நீலப் புகை பின்னாலிருக்கும் ஆளை மறைக்கும், அப்புறம் ஒன்பதும் சேர்ந்துகொள்ளும்.

காற்று தீர்ந்துவிட்டால்?

நல்ல கேள்வி. யாக்கில் ஸ்டார்ட், சக்கரம், ஃப்ளாப், பிரேக் எல்லாமே அந்தக் காற்றில்தான். தரையில் தீர்ந்தால் முக்குளிப்பவர்கள் வைத்திருக்கும் பாட்டிலைக் கொண்டுவந்து நிரப்பலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

வானத்தில் தீர்ந்த அனுபவம் எனக்கு ஒரு தடவை. வருடாந்திரச் சோதனை முடித்து ஒரு பட்டறையிலிருந்து திரும்பிய வாரம். ஒரு குழாய் இணைப்பை முழுதாக இறுக்காமல் விட்டிருந்தார்கள். கிளம்பும்போது 50-ஐக் காட்டிய முள், இருபது நிமிடத்தில் பாதிக்கும் கீழே. சக்கரத்தை அவசரப் பாட்டிலில் இறக்கினேன். பிரேக் இருக்காது என்று தெரியும். யாக்கின் முன்சக்கரம் தானாகச் சுழல்வது, இடது வலது பிரேக்கால்தான் தரையில் திருப்ப முடியும். அப்படியென்றால் ஓடுபாதையில் இறங்கினால் நேரே போகலாம், திரும்ப முடியாது. பக்கத்திலிருந்த நீளமான புல் ஓடுபாதையைக் கேட்டு வாங்கி, எதிர்காற்றில், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இறக்கினேன். புல்லே நிறுத்தியது. என்ஜினை அணைத்துவிட்டு மூன்று பேராகத் தள்ளிக்கொண்டு போனோம்.

அந்த முள்ளை நான் பார்க்காமல் இருந்திருந்தால் ஓடுபாதையின் முடிவில்தான் விஷயம் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை காற்று முள்ளைச் சத்தமாகப் படிக்கிறேன். பட்டறையிலிருந்து வந்த விமானத்தில் முதல் பறப்புக்கு யாரையும் கூட ஏற்றுவதில்லை.

ஸ்பிட்ஃபயர் ஓட்டுவது ரொம்பக் கஷ்டமா?

வானத்தில் மிக இனிமையான விமானம் என்று ஓட்டியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். நான் இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரில் காசு கட்டி அரை மணி நேரம் போயிருக்கிறேன், ஏறக்குறைய 3,000 பவுண்ட். இரண்டு விரலால் திருப்பலாம்.

சிரமமெல்லாம் தரையில். மூக்கு நீளம், முன்னால் எதுவும் தெரியாது, பாம்பு போல வளைந்து வளைந்துதான் போக வேண்டும். சக்கரங்களுக்கு இடையே அகலம் குறைவு. ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில், போதாததற்குச் சக்கரக் கால் வேறு காற்றை மறைக்கும். அதனால் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே வெப்பம் ஏறும். மேலே கிளம்பு, அல்லது அணைத்துவிடு. மூன்றாவது வழி கிடையாது. இன்னொன்று: மெர்லின் பூட்டிய ஸ்பிட்ஃபயர் கிளம்பும்போது இடப்பக்கம் இழுக்கும், பிந்தைய கிரிஃபன் என்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் வலப்பக்கம் இழுக்கும். எங்கள் யாக்கும் வலப்பக்கம்தான். செஸ்னா போன்ற சாதாரணச் சிறு விமானத்தில் பழகிய கால் முதல் பத்து தடவை தப்பான பெடலைத்தான் தேடும்.

எண்பது வயது உலோகத்தை நம்பலாமா?

நீங்கள் பார்க்கும் ஸ்பிட்ஃபயரில் பழைய உலோகம் எவ்வளவு என்று கேட்பதுதான் சரி. பல விமானங்களில் மிகக் குறைவு. இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார், ஒன்றுக்குள் ஒன்று செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. உள்ளே அரிப்பு வந்தால் வெளியே தெரியாது. ஆகவே அதைப் புதிதாகவே செய்கிறார்கள். தகடு, ரிவெட் எல்லாம் புதிது. அப்படியானால் அது அதே விமானம்தானா என்ற வாதம் இங்கே முடிவதே இல்லை. என் கருத்து இது: வரலாறு தொடர்கிற, பத்திரமாகப் பறக்கிற விமானத்துக்கே என் ஓட்டு. முழுக்கப் பழைய உலோகத்தோடு மிஞ்சியிருப்பவற்றை அருங்காட்சியகத்தில் அசையாமல் வைக்கட்டும்.

விபத்துகள் நிறைய நடக்கின்றனவே?

நடக்கின்றன. 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோர்ஹாம் கண்காட்சியில் ஒரு ஹன்டர் ஜெட் செங்குத்தாக வட்டமடிக்கும்போது உச்சியில் போதிய உயரம் இல்லாமல் பக்கத்து நெடுஞ்சாலையில் விழுந்தது. இறந்த 11 பேரும் சாலையில் இருந்தவர்கள். 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பயணிகளோடு கிளம்பிய பி-17 குண்டுவீச்சு விமானம் திரும்பி வந்து இறங்கும்போது நொறுங்கி 7 பேர் இறந்தார்கள். மேக்னெட்டோ, ஸ்பார்க் பிளக் பராமரிப்பில் இருந்த குறைகள் விசாரணையில் வெளிவந்தன. 2022 நவம்பர் 12 அன்று டாலஸ் கண்காட்சியில் ஒரு பி-17-உம் பி-63 என்ற சண்டை விமானமும் வானத்தில் மோதி 6 பேர் இறந்தார்கள்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால், விமானத்தின் வயதைவிட அதைச் சுற்றியிருந்த மனிதர்களின் ஏற்பாடு அதிகமாகக் கண்ணில் படுகிறது: உயரத் திட்டம், பராமரிப்பு, யார் எந்த உயரத்தில் பறப்பது என்ற முன்பேச்சு. எங்கள் குழுவில் ஒரு விதி இருக்கிறது. ஆறு பேரில் யார் ஒருவர் 'இன்றைக்கு வேண்டாம்' என்றாலும் விமானம் வெளியே வராது, காரணம் கேட்கக் கூடாது.

ஜெட் வாங்கலாமா?

வாங்கலாம், எல்-39 என்ற பயிற்சி ஜெட் போன்றவை தனியார் கையில் பறக்கின்றன. மணிக்கு 500 லிட்டர் அளவில் எரிபொருள். வெளியேற்றும் இருக்கை உள்ளவற்றில் அதன் வெடிமருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, மாற்றுக் கிடைப்பது பெரும்பாடு. என் ஆசை ப்ரொப்பெல்லரோடு நின்றுவிட்டது, ஆகவே இதற்கு மேல் சொல்லத் தகுதியில்லை.

குடும்பம் என்ன சொல்லும்?

எம்.எல்.407 என்ற ஸ்பிட்ஃபயரின் கதையை எங்கள் வீட்டில் நான் அடிக்கடி சொல்வேன். 1944-ல் நார்மண்டி தரையிறக்க நாளில் சண்டையிட்ட விமானம். பிறகு அயர்லாந்து விமானப் படைக்காக இரட்டை இருக்கையாக மாற்றினார்கள். நிக் கிரேஸ் என்ற பொறியாளர் அதை வாங்கிப் பல வருடம் உழைத்து 1985-ல் பறக்க வைத்தார். 1988-ல் கார் விபத்தில் இறந்துபோனார். இரண்டு சின்னப் பிள்ளைகள். எல்லாரும் விமானத்தை விற்கச் சொல்லியிருப்பார்கள். அவர் மனைவி கரோலின் கிரேஸ் அதை ஓட்டக் கற்றுக்கொண்டு 1990-ல் தனியாகப் பறந்தார். பிறகு பல வருடம் கண்காட்சிகளில் அவரே ஓட்டினார். இன்று மகனும் பைலட். 2022-ல் கரோலினும் ஒரு சாலை விபத்தில் இறந்தது இந்த வட்டாரத்தில் எல்லாரையும் உலுக்கியது.

என் மனைவி பறக்க வருவதில்லை, ஆனால் பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக் கணக்கு முழுக்க அவள் கையெழுத்துதான்.

இந்தியாவில், இலங்கையில் இது முடியுமா?

தனியார் வாங்கி ஓட்டும் பழகிய பாதை அங்கே இல்லை. ஆனால் தொடர்பு நிறைய உண்டு. இந்திய விமானப் படையின் விண்டேஜ் பிரிவில் டைகர் மாத், ஹார்வர்ட் இருக்கின்றன. அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர், டகோட்டா என்ற போர்க்காலப் போக்குவரத்து விமானத்தை ஓட்டிய தன் தந்தையைக் கௌரவிக்கும் விதமாக, பிரிட்டனில் புதுப்பித்த ஒரு டகோட்டாவை விமானப் படைக்குக் கொடுத்தார். 2018-ல் அது இங்கிலாந்திலிருந்து பறந்தே இந்தியா போனது, பெயர் பரசுராமா. போர் முடிந்தபின் கான்பூரில் பிரிட்டிஷார் சிதைத்து விட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பெங்களூரு எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலை ஆட்கள் சரிசெய்து, 1968 வரை இந்திய விமானப் படை ஓட்டியது. அவற்றில் ஒன்று பின்னாளில் அமெரிக்காவில் மறுபடி பறந்தது. நம் மெக்கானிக்குகளின் கை இல்லாவிட்டால் அந்த விமானம் இன்று இல்லை.

இலங்கை விமானப் படையின் முதல் விமானங்கள் சிப்மங்க். திருகோணமலை சீனக்குடாவில் பயிற்சிக்கு ஓட்டும் பிடி-6, மேலே சொன்ன சீனத்து சிஜே-6-தான். இங்கே ஆர்வலர்கள் ஓட்டும் அதே வகை. அப்புறம், பிரிட்டிஷ் விமானப் படையின் 234, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களின் பெயரோடு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' ஒட்டியிருக்கும், நம் மாகாணத்திலிருந்து போன போர் நிதிக்காக. கண்காட்சியில் அந்தப் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது நம் தாத்தாக்களின் காசு.

பணமே இல்லை. ஒதுங்கி நின்று பார்க்க மட்டும்தானா?

இல்லவே இல்லை. நான் நுழைந்ததும் அப்படித்தான். முதல் ஒன்றரை வருடம் பங்கு இல்லை, லைசென்ஸும் பாதியில் நின்றிருந்தது. சனிக்கிழமை காலையில் போய் விமானத்தின் வயிற்றைத் துடைத்தேன். ஒவ்வொரு பறப்புக்கும் பிறகு அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் தெறித்திருக்கும். துடைக்கும்போதுதான் எந்த ரிவெட் தளர்ந்திருக்கிறது, எண்ணெய் எந்தப் பக்கத்திலிருந்து புதிதாக வருகிறது என்று கண்ணில் படும். பழைய விமானம் இருக்கும் எந்தச் சிறு விமான நிலையத்திலும் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படும். போவதற்கு முன் போன் செய்துவிடுங்கள், பழைய பருத்தித் துணி நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.